சிப்ஸ் விலை யார் கணக்கில்?

‘சீப் ஆஸ் சிப்ஸ்’ என்றால் ‘அடிமாட்டு விலை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன, தினம் ஒரு ஆங்கில மரபுத்தொடர் கற்றுத்தரும் பதிவுகள். பொருள் சரிதான். பிரிட்டனில் சிப்ஸ் என்பது நம் பெட்டிக்கடையில் தொங்கும் பொட்டலம் அல்ல. விரல் பருமனில் நறுக்கிச் சுடச்சுடப் பொரித்து மீனோடு தரும் உருளைக்கிழங்கு. ஏழையின் சாப்பாடு என்பதால் தொடர் நிலைத்தது. இத்தொடரில் ‘சிப்ஸ்’ என்பது தச்சர் தள்ளும் மரச்சீவலைத்தான் முதலில் குறித்தது என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வழக்கில் நான் நுழையவில்லை. நம் காலத்தில் இந்தத் தொடரை ஊரெங்கும் பரப்பியவர் பிபிசியின் ‘பார்கன் ஹன்ட்’ என்ற பழம்பொருள் நிகழ்ச்சியை நடத்திய டேவிட் டிக்கின்சன். பழம்பொருள் வியாபாரிக்கு உருளைக்கிழங்கின் மேல் அப்படியொரு பாசம்!

இன்று அந்த நாட்டில் ஒரு தட்டு மீனும் சிப்ஸும் பல ஊர்களில் 10 பவுண்டைத் தாண்டிவிட்டது. 2022இல் உக்ரைன் போர் சூரியகாந்தி எண்ணெயின் விலையை ஏற்றியது. காட் போன்ற ரஷ்ய வெள்ளை மீனுக்கு பிரிட்டன் 35 சதவீதம் கூடுதல் வரி போட்டது. சூடான உணவுக்கு 20 சதவீத வாட் வரி ஏற்கெனவே இருக்கிறது. ‘அந்தக் காலத்தில் எவ்வளவு மலிவு’ என்று புலம்புகிறார்கள். புலம்பலில் பாதி நியாயம். மறுபாதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை; அந்த மலிவின் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள்.

முதல் மீன்-சிப்ஸ் கடையை 1860களில் லண்டனில் ஜோசப் மாலின் திறந்ததா, லங்காஷயரின் மாஸ்லியில் ஜான் லீஸ் திறந்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இருவரும் இல்லாவிட்டாலும் வேறொருவர் திறந்திருப்பார். டிராலர்கள் எனும் இழுவலைக் கப்பல்கள் மீனை அள்ளி வந்தன, ரயில் அதை உள்நாட்டு நகரங்களுக்குக் கொண்டுபோனது, பருத்தி ஆலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் பெண்ணுக்கு அடுப்பு மூட்ட நேரமில்லை. இரண்டாம் உலகப் போரில் இறைச்சியும் வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டு அட்டைக்குள் போனபோதும் மீன், சிப்ஸ் மேல் அரசு கைவைக்கவில்லை. தொழிலாளியின் வயிற்றோடு விளையாடக் கூடாது என்று அரசுக்கே தெரிந்திருந்தது.

ஆனால் அந்த மீனைப் பிடித்தவன் கதை? 1968இன் தொடக்கத்தில், சில வாரங்களுக்குள், இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தைச் சேர்ந்த மூன்று டிராலர்கள் அடுத்தடுத்து மூழ்கின. 58 பேர் போனார்கள். முதலில் காணாமல்போன செயின்ட் ரோமனஸில் வானொலி இயக்குபவரே கிடையாது. ஒரு ஆளின் சம்பளம் மிச்சம்! கரையில் மீன் பதனிடும் வேலை பார்த்த லிலியன் பிலோக்கா என்ற பெண்மணிக்குப் பொறுக்கவில்லை. மீனவர் வீட்டுப் பெண்களைத் திரட்டினார், சுமார் 10,000 கையெழுத்து வாங்கினார், லண்டன் போய் அமைச்சர்களைப் பார்த்தார். ஒவ்வொரு டிராலரிலும் வானொலி இயக்குபவர் வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளை அரசு ஏற்றது.

மரபுத்தொடர் சொல்லித்தரும் அன்பர்களே, இந்தப் பெண்மணியையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மலிவு மீன் தின்ற ஊர் அவருக்கு என்ன செய்தது என்பதையும். மிரட்டல் கடிதங்கள் வந்தன. வேலை போயிற்று. ஹல் மீன் தொழிலில் அவரை மறுபடி சேர்த்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை.