அபிவிருத்திப் பிரகடனத்தால் கடையின் உரிமை மாறுவதில்லை

இலங்கையின் ஹட்டன் நகரப் பிரதான வீதியில் பூட்டிக் கிடக்கும் கடைகளைச் சுட்டி, நகரம் அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனமானால் கடைகள் அரசுடைமையாகிவிடும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியன்று. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழான பிரகடனம், கட்டட வேலைகளுக்கு முன்னனுமதி பெறும் கடப்பாட்டைக் கொண்டுவருகிறதே தவிர, எவருடைய உறுதியையும், அதாவது காணி உரிமைப் பத்திரத்தையும், மாற்றுவதில்லை. அரசு காணியை எடுப்பதாயின், 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி 2 ஆம் பிரிவு அறிவித்தல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் அவ்விடத்தில் ஒட்டப்பட வேண்டும். பின்னர் காணியை எடுப்பதற்கான 5 ஆம் பிரிவுப் பிரகடனம், அரசின் அதிகாரபூர்வ வெளியீடான வர்த்தமானியில் வெளிவர வேண்டும். இந்த வதந்தியை நம்பி ஒரு சிறு வியாபாரி அவசரப்பட்டுக் கடையைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன். பூட்டிய கடைக் கதவில் தொலைபேசி எண்ணுடன் தொங்கும் ‘வாடகைக்கு’ அட்டை அரச அறிவித்தல் ஆகாது. ஐயமிருப்பவர்கள் பிரதேச செயலகத்தில் விசாரித்து, காணிப் பதிவகத்தில் அக்கடைக்குரிய பதிவேட்டுப் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.