எந்த வருஷத்து அலி? எத்தனை ரவுண்டு?

வேறு வேறு காலத்துக் குத்துச்சண்டைச் சாம்பியன்களான முகமது அலியும் மைக் டைசனும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி. எந்த வருஷத்து அலி, எந்த வருஷத்து டைசன்? சண்டை எத்தனை ரவுண்டு? இந்த இரண்டையும் முடிவு பண்ணாமல் ஆரம்பித்தால் விடிய விடியப் பேசலாம், பேச்சு மட்டும் ஒரு அடி நகராது.

போன ஞாயிறு எங்கள் ஊர் பேக்கரியிலும் இதுதான் நடந்தது. ஈரோட்டுப் பக்கம் இருக்கும் எங்களுக்கு அமெரிக்காவின் சனிக்கிழமை ராத்திரிச் சண்டை ஞாயிறு காலையில்தான் வரும். பார்த்த சூடு ஆறுவதற்குள் டீக்கு வந்து சேர்ந்துவிடுவோம். அங்கே டைசன்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒரு தம்பி, "ஏனுங்க மாமா, 1988 டைசன் முன்னால உங்க அலி மூணு ரவுண்டு நிப்பாருங்களா?" என்று ஆரம்பித்தார். அவருடைய மாமா 1980-இல் சென்னைக்குப் போய், நேரு ஸ்டேடியத்தில் அலி ஜிம்மி எல்லிஸோடு போட்ட காட்சிச் சண்டையை நேரில் பார்த்தவர். "ஏங்கண்ணு, அந்தாளு கால் நகர்ந்ததை நான் கண்ணால பார்த்தவன், எங்கிட்டயே கேக்கறியா?" என்றார்.

மாமாமேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் அவர் பார்த்தது 38 வயது அலியை. அதே வருஷம் அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கி, அவர் மூலையில் நின்ற அவருடைய ஆட்களே சண்டையை நிறுத்தும்படி ஆனவரும் அந்த அலிதான். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த 24 வயது அலி வேறு ஆள். ராணுவத்தில் சேர மறுத்ததற்காக 1967-இல் பட்டத்தைப் பறித்தார்கள். மூன்றரை வருஷம் ரிங்குக்குள்ளேயே விடவில்லை. திரும்பி வந்தவருக்கு அந்தப் பழைய கால்கள் இல்லை. அடியைத் தாங்கிக்கொண்டு ஜெயிக்கக் கற்றுக்கொண்டவராக வந்தார். எனக்கு இரண்டு பேரையுமே பிடிக்கும், ஆனால் ஒருவருடைய காலையும் இன்னொருவருடைய நெஞ்சுரத்தையும் சேர்த்து ஒரே ஆளாக்கி டைசன் முன்னால் நிறுத்துவது நியாயமில்லை. டைசனுக்கும் அப்படித்தான். 1988-இல் ஸ்பின்க்ஸை 91 விநாடியில் சாய்த்த டைசனையும், 1996-இல் ஹோலிஃபீல்டிடம் பதினோராவது ரவுண்டில் தோற்ற டைசனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

அடுத்தது ரவுண்டு. இதைத்தான் நம் ஆட்கள் யாருமே கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம். ரேக்ளாவில் 200 மீட்டர் பந்தயம் வேறு, 300 மீட்டர் பந்தயம் வேறு என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 200-க்குப் பழக்கிய ஜோடியை 300-இல் பூட்டிவிட்டு ஜெயிக்கவில்லையே என்று யாரும் கேட்பதில்லை. குத்துச்சண்டையில் மட்டும் அந்த நிதானம் காணாமல் போய்விடுகிறது.

ராக்கி மார்சியானோ 49 சண்டை போட்டு 49-லும் ஜெயித்தவர், தோல்வியே இல்லாமல் ஓய்வு பெற்றவர். அந்த 49-க்குள் ஒன்றைப் பாருங்கள். 1952 செப்டம்பர், பிலடெல்பியா, ஜெர்சி ஜோ வால்காட்டுடன் பட்டச் சண்டை. முதல் ரவுண்டிலேயே மார்சியானோ கீழே விழுந்தார். பன்னிரண்டு ரவுண்டு முடிந்தபோது புள்ளி போடும் மூன்று பேருடைய கணக்கிலும் வால்காட்தான் முன்னால் இருந்தார். பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோவின் வலது கை ஒன்று இறங்கியது, வால்காட் கயிற்றின் மேலேயே சரிந்துவிட்டார். அன்றைக்குப் பட்டச் சண்டை பதினைந்து ரவுண்டு. இன்றைய விதிப்படி அந்தச் சண்டை பன்னிரண்டோடு முடிந்திருக்கும். பட்டம் வால்காட்டிடமே இருந்திருக்கும், அந்த 49-0 என்ற கணக்கே பிறந்திருக்காது.

1941-இல் ஜோ லூயிஸுக்கும் இதே கதைதான். எதிரே பில்லி கான், எடை 80 கிலோகூட இல்லை. பன்னிரண்டு ரவுண்டு முடிந்தபோது இரண்டு பேருடைய கணக்கில் கான் முன்னால், மூன்றாவது ஆளின் கணக்கில் சமம். பதின்மூன்றாவதில் கானை நாக் அவுட் செய்துதான் லூயிஸ் பட்டத்தைக் காப்பாற்றினார். 1978-இல் ஹோம்ஸும் கென் நார்ட்டனும் பதினான்கு ரவுண்டு முடிந்தும் சமமாக நின்றார்கள், பதினைந்தாவது ரவுண்டுதான் சாம்பியனைத் தீர்மானித்தது.

1982-இல் கொரிய வீரர் கிம் டுக்-கூ, ரே மான்சினியுடன் போட்ட சண்டையில் பதினான்காவது ரவுண்டில் விழுந்தார், சில நாளில் இறந்துபோனார். அதற்கப்புறம்தான் அமைப்புகள் ஒவ்வொன்றாக பதினைந்தைப் பன்னிரண்டாகக் குறைத்தன. குறைத்தது மிகச் சரி, ஒரு உயிரைவிடப் பட்டம் பெரிதில்லை. ஆனால் அந்த மூன்று ரவுண்டுக்காகவே உடம்பைத் தயார் செய்து, மூச்சைச் சேர்த்து வைத்துச் சண்டை போட்டவர்களை இன்றைய பன்னிரண்டு ரவுண்டுக்குள் அடைத்து எடைபோட்டால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம், 'அவர் இவரை அடித்தார், இவர் அவரை அடித்தார், ஆகவே' என்று போகும் கணக்கு. இதை எழுபதுகளின் நாலு பேரே உடைத்துவிட்டார்கள். ஃபிரேசியர் 1971-இல் அலியை ஜெயித்தார். நார்ட்டன் 1973-இல் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். அந்த இரண்டு பேரையும் ஃபோர்மேன் ஆளுக்கு இரண்டே ரவுண்டில் முடித்தார், ஃபிரேசியர் மட்டும் ஆறு தடவை விழுந்தார். கணக்குப்படி அலி ஃபோர்மேனிடம் தூள் தூளாகியிருக்க வேண்டும். 1974-இல் கின்ஷாசாவில் எட்டாவது ரவுண்டில் விழுந்தவர் ஃபோர்மேன். ஒரே காலத்தில், ஒரே விதியில் சண்டை போட்டவர்களுக்கே இந்தக் கணக்கு உதவவில்லை. ஐம்பது வருஷம் தள்ளிப் பிறந்தவர்களுக்கு எப்படி உதவும்?

கம்ப்யூட்டரையும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். 1967-இல் ஒரு வானொலித் தொடருக்காக எல்லாக் காலத்துச் சாம்பியன்களின் விவரத்தையும் ஊட்டியபோது, அலி ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்பார் என்று அது சொன்னது. அலி வழக்கே போட்டார். பிறகு 1969-இல் அலியையும் 45 வயது மார்சியானோவையும் ரிங்கில் நிறுத்தி, பல விதமான முடிவுகளைப் படம்பிடித்தார்கள். மறு வருஷம் அமெரிக்கத் திரையரங்கில் மார்சியானோ பதின்மூன்றாவது ரவுண்டில் ஜெயித்தார், ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார். மார்சியானோ எதையும் பார்க்கவில்லை. படப்பிடிப்பு முடிந்த சில வாரத்தில் விமான விபத்தில் போய்விட்டார்.

இன்னொரு வாதம் எடை. இன்றைய ஹெவிவெயிட்காரர்கள், அதாவது அதிக எடைப் பிரிவுக்காரர்கள், மலை மாதிரி இருக்கிறார்கள், பழைய ஆட்கள் பக்கத்திலேயே போக முடியாது என்கிறார்கள். பாதி சரி. மார்சியானோவின் எடை 84 கிலோ, கை நீளம் 68 அங்குலம். லெனாக்ஸ் லூயிஸ் கை நீளம் 84 அங்குலம், முன்கையை நேராக நீட்டிக் குத்தும் ஜாப் போடத் தெரிந்தவர், எடை 110 கிலோவுக்கு மேல். இந்தச் சண்டையில் எனக்குச் சந்தேகமே இல்லை, லெனாக்ஸ்தான். ஆனால் எடை மட்டுமே ஜெயிக்கும் என்றால் மலை மாதிரி இருந்த ஜெஸ் வில்லார்டை 1919-இல் ஜாக் டெம்சி முதல் ரவுண்டிலேயே ஏழு தடவை விழவைத்திருக்க முடியாது. 118 கிலோ பிரிமோ கார்னெராவை 89 கிலோ ஜோ லூயிஸ் 1935-இல் ஆறாவது ரவுண்டில் முடித்திருக்க முடியாது. பழைய கதை வேண்டாம் என்றால் 2024 மே மாதம் ரியாத்தில் உக்ரைனின் உசிக்கும் பிரிட்டனின் ஃபியூரியும் போட்ட சண்டையைப் பாருங்கள். உசிக் சுமார் 101 கிலோ, ஃபியூரி சுமார் 119 கிலோ, உயரம் 6 அடி 9 அங்குலம். உசிக் ஜெயித்தார், டிசம்பரில் மறுபடியும் ஜெயித்தார். உசிக் உயரம் 6 அடி 3 அங்குலம், அலி உயரமும் அதேதான்.

சரி, அந்தத் தம்பிக்கு என் பதில். 1966 அலி, 1988 டைசன், பன்னிரண்டு ரவுண்டு. முதல் நாலு ரவுண்டில் அலிக்கு ஆபத்து அதிகம், டைசனுக்குத்தான் வாய்ப்பு இருக்கிறது. அலிக்கு இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் இடது கைக் குத்து, எப்போதுமே வினை. 1963-இல் ஹென்றி கூப்பர் அதில்தான் விழவைத்தார், ஃபிரேசியரும் அதில்தான் விழவைத்தார். டைசனின் இடது ஹூக் அந்த இரண்டைவிடவும் வேகம். ஆனால் 1990-இல் டோக்கியோவில் டக்ளஸ் செய்ததை நினைத்துப் பாருங்கள். நீளமான ஜாப், கிட்டே வந்தால் கட்டிப் பிடிப்பது, உடனே மறுபடி ஜாப். டைசன் பத்தாவது ரவுண்டில் விழுந்தார். அலிக்கு அந்த ஜாப் இன்னும் வேகமாக உண்டு, பின்கழுத்தைப் பிடித்து அமுக்கும் வித்தையும் கைவந்தது. ஐந்தாவது ரவுண்டுக்கு அலி நிற்பார், பத்துக்கு மேல் டைசன் நிற்கமாட்டார்.

எனக்கு உண்மையில் தூக்கத்தைக் கெடுக்கும் சண்டை வேறு: 1938 ஜோ லூயிஸ், 2024 உசிக். லூயிஸ் 25 தடவை பட்டத்தைக் காத்தவர், ஆறு அங்குலத் தூரத்தில் ஆளைச் சாய்க்கும் குத்து அவருடையது. ஆனால் கால் ஓயாதவர்களைக் கண்டால் தடுமாறுவார். கான் தடுமாற வைத்தார், 1947-இல் வால்காட் இரண்டு தடவை விழவே வைத்தார். உசிக் கான்போல் நகர்வார், அதைவிட இருபது கிலோ அதிகம், போதாததற்கு இடது கைக்காரர். பன்னிரண்டு ரவுண்டு என்றால் பாயின்ட்டில் உசிக். பதினைந்து என்றால் லூயிஸ் பதினான்காவதில் பிடித்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.