'கலெக்‌ஷன் இல்லை' என்று நிறுத்தப்படும் பேருந்துகள்

எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு பேருந்து நின்றுபோனால், அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கிறது. "அந்த ரூட்டில் கலெக்‌ஷன் இல்லை." வங்கிக் கிளையை இடம் மாற்றும்போதும், பிள்ளைகள் குறைந்த பள்ளியை இன்னொன்றோடு சேர்க்கும்போதும், வேறு சொற்களில் இதே கணக்குதான் போடப்படுகிறது. ஒரு சேவையின் பயனை அந்தச் சேவையின் கல்லாவை மட்டும் திறந்து பார்த்து எண்ணுவது தவறான கணக்கு என்பது என் உறுதியான கருத்து. கிராமத்துக்கு வரும் பேருந்தின் வருமானத்தில் பெரும்பகுதி நடத்துனரின் பையில் விழுவதில்லை. அது பூ மண்டியிலும் மளிகைக் கடையிலும் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் விழுகிறது.

நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகை விவசாயியை எடுத்துக்கொள்வோம். மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே, இருள் பிரியும் முன் பறிக்கத் தொடங்க வேண்டும். வெயில் ஏற ஏற மொட்டு வாடி எடை குறையும், மண்டியில் விலையும் இறங்கும். மூன்று நான்கு கிலோ பூவுக்காக யாரும் தனி வண்டி பிடிக்க முடியாது. முதல் பேருந்து நேரத்துக்கு வந்தால் அவரே மண்டியில் நின்று அன்றைய விலையைக் கேட்டு விற்பார். வராவிட்டால், இருசக்கர வண்டியில் தோட்டத்துக்கே வரும் வியாபாரி சொல்வதுதான் விலை. இந்த இழப்பு போக்குவரத்துக் கழகத்தின் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. ஆனால், பூப் பறிக்க வந்தவர்களின் கூலியிலும், அந்த ஊர் டீக்கடையின் அன்றைய வியாபாரத்திலும் அது கட்டாயம் தெரியும். மாலையில் கடைசிப் பேருந்து இல்லாத ஊரில், பள்ளியில் சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டில் திரும்ப வேண்டிய பிளஸ் டூ மாணவியின் படிப்பு என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது, இந்தத் தொடர்பு நன்றாகவே உணரப்பட்டிருந்தது. காய்கறி கட்டிக்கொண்டு வரும் விவசாயிகளுக்காக அதிகாலைப் பேருந்துகளும் சேர்த்தே ஏற்பாடு செய்யப்பட்டன. சந்தையும் அதற்குப் போகும் வண்டியும் ஒரே திட்டம் என்ற அந்தப் புரிதலை இன்று எல்லாத் துறைகளிலும் தேட வேண்டியிருக்கிறது.

இதற்கு மாறாக, கிராமத்துக்குள்ளேயே சேவையைக் கொண்டுவந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பால் சொசைட்டியைவிடச் சிறந்த சாட்சி இல்லை. காலையிலும் மாலையிலும் தூக்குவாளியோடும் கேனோடும் வரிசை நிற்கிறது. ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்து, கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்து, அளவை எழுதிக்கொள்கிறார்கள். பத்து நாளுக்கோ பதினைந்து நாளுக்கோ ஒருமுறை பால் பணம் வருகிறது. ஒரு மாடு மட்டுமே வைத்திருக்கும் நிலமில்லாத குடும்பத்துக்கும் அது வருகிறது; மழை பொய்த்த ஆண்டிலும் வருகிறது. பால் பணம் பட்டுவாடா ஆன அன்று மாலை ஊர் மளிகைக் கடைக்குப் போய்ப் பாருங்கள், கடன் நோட்டில் பக்கம் பக்கமாகக் கணக்கு அடிபடும். தீவனக் கடை, கால்நடை மருந்தகம், கேன் ஏற்றும் வண்டிக்காரர் என்று அந்தப் பணம் அந்த வட்டாரத்துக்குள்ளேயே பல கை மாறுகிறது. கறந்த சில மணி நேரத்தில் கெட்டுப்போகக்கூடிய ஒரு பொருளை, குளிரூட்டும் நிலையமும் நேரம் தவறாத வண்டியும் உறுதியான கொள்முதலும் சேர்ந்து நம்பகமான வருமானமாக மாற்றியிருக்கின்றன. தக்காளிக்கு இப்படி ஓர் ஏற்பாடு இல்லாததால்தான், விலை சரியும் காலங்களில் பறிப்புக் கூலிகூடக் கட்டாமல் ஒட்டன்சத்திரம், அய்யலூர்ப் பக்கத்து விவசாயிகள் அதைச் செடியிலேயே விட வேண்டியிருக்கிறது.

வங்கி விஷயத்திலும் நமக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. 1977 முதல் 1990 வரை, ஏற்கெனவே வங்கி உள்ள ஊரில் புதிதாக ஒரு கிளை திறக்க விரும்பும் வங்கி, வங்கியே இல்லாத நான்கு ஊர்களில் கிளை திறக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருந்தது. எந்த வங்கியும் லாபக் கணக்குப் பார்த்துத் தானாகப் போயிருக்காத ஊர்களுக்கு, அந்த விதிதான் கிளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்று பல சிற்றூர்களில் கிளைக்குப் பதிலாக, கையடக்கக் கருவியோடு ஒரு முகவர் இருக்கிறார். அவர் செய்யும் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், வாழ்நாளெல்லாம் களை பறித்து ரேகை தேய்ந்துபோன விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து அந்தக் கண்ணாடியின் மேல் அழுத்தும் மூதாட்டியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், முதியோர் உதவித்தொகை என்பது கணக்கில் ஏறினால் மட்டும் போதாது. மேலும், பணம் எடுத்துத் தருவதற்குக் கருவி போதும். ஒரு சிறு செக்கு எண்ணெய்த் தொழிலுக்குக் கடன் கொடுக்கலாமா என்று ஆளைப் பார்த்து, பேசி, முடிவு செய்வதற்கு ஊரை அறிந்த மேலாளர் வேண்டும்.

போக்குவரத்துக் கழகங்களின் நட்டம் உண்மையானது, அதை யார் கட்டுவது என்ற கேள்வி நியாயமானது. அரசுதான் கட்ட வேண்டும் என்பது என் பதில். ஆரம்ப சுகாதார நிலையத்திடம் யாரும் கலெக்‌ஷன் கேட்பதில்லை. அதைப் போலவே, ஊருக்கு ஒரு நாளில் குறைந்தது இத்தனை நடை, இன்ன நேரத்தில் என்று வரையறுத்து, அதற்கான செலவை வரவுசெலவுத் திட்டத்தில் வெளிப்படையாக ஒதுக்க வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்வதை மனதார வரவேற்கிறேன். கூலி வேலைக்குப் போகும் பெண்ணின் கையில் நிற்கும் பணம் அது. ஆனால், பேருந்தே வராத ஊரில் அந்தச் சலுகைக்குப் பொருள் இல்லை. 1997-இல் தொடங்கிய மினி பஸ் திட்டம் 2025-இல் புதிய வடிவில் மீண்டும் வந்திருக்கிறது. இம்முறையும் கூட்டம் உள்ள பிரதான சாலையிலேயே வண்டிகள் சுற்றாமல், உள் ஊர்கள் வரை போகின்றனவா என்பதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

தஞ்சாவூரில் பிறந்து, தம் இறுதிக் காலத்தில் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, கிராமம் மூலப்பொருளை மட்டும் அனுப்பும் இடமாக இருக்கக் கூடாது, அதைப் பயன்பொருளாக மாற்றும் தொழிலும் அங்கேயே நடக்க வேண்டும் என்று வலியுறுத்திக்கொண்டே இருந்தார். அது நடக்க மும்முனை மின்சாரமும், கடன் தரும் கிளையும், பொருளை ஏற்றிச் செல்லும் வண்டியும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் இளைஞர்கள் திருப்பூருக்கோ சென்னைக்கோதான் பேருந்து ஏறுவார்கள்.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் ஆகியவற்றோடு, காலை முதல் பேருந்து எத்தனை மணிக்கு வேண்டும், மாலை கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு வேண்டும், அதை நம்பி எத்தனை பேர் படிக்கவும் விற்கவும் வேலைக்கும் போகிறார்கள் என்பதையும் தீர்மானமாக எழுதி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, நகலை ஆட்சியருக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் அனுப்புமாறு என் நண்பர்கள் பட்டியலில் உள்ள ஊராட்சி உறுப்பினர்களையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை "கலெக்‌ஷன் இல்லை" என்ற பதில் வரும்போது, எதிரே வைக்க நம்மிடம் அந்தக் கணக்காவது எழுத்தில் இருக்கட்டும்.