ரெய்டு வீடியோவை விடுங்கள், கணக்கைக் காட்டுங்கள்

உணவுப் பாதுகாப்பு என்றதும் எந்த நாட்டு அரசாக இருந்தாலும் முதலில் காட்டுவது ரெய்டைத்தான். கையுறை போட்ட அதிகாரி, பின்னாலேயே கேமரா, குப்பையில் கொட்டப்படும் கெட்டுப்போன இறைச்சி, கதவில் சீல். நமக்கும் பார்க்கத் திருப்தியாக இருக்கிறது, ஷேர் பண்ணிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ரெய்டே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு அரசு இந்த விஷயத்தில் உருப்படியாக ஏதாவது செய்கிறதா என்று தெரிய நான் பார்ப்பது வேறு ஒன்றை. சாப்பிட்டு நோயில் விழுந்தவர்களை அது எண்ணுகிறதா? எண்ணிவிட்டு, எந்தச் சாப்பாட்டால் வந்தது என்று தேடிப் போகிறதா?

பெரும்பாலும் எண்ணுவதே இல்லை. வயிற்றுப்போக்கு என்று மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும்? "வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார், நாமும் தலையாட்டுவோம், நாலு மாத்திரையும் உப்பு சர்க்கரைக் கரைசலும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். மலப் பரிசோதனை வரைக்கும் போவது அபூர்வம், அதற்குள் சரியாகியும் விடும். அந்த நோய் எந்த ஏட்டிலும் ஏறாது. அமெரிக்காவிலேயே, லேபில் உறுதியாகும் ஒவ்வொரு சால்மோனெல்லா கிருமி நோயாளிக்கும் கணக்கில் வராத இன்னும் 30 பேர் போல இருப்பார்கள் என்று அவர்களுடைய நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி வருடத்துக்கு 60 கோடிப் பேர் உணவால் நோயுறுகிறார்கள், 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் சாகிறார்கள், அதில் 1 லட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இவ்வளவு பெரிய சாவுக்கு நம்மிடம் இருப்பது மதிப்பீடுதான்.

இதில் ஒரு வினோதம் உண்டு. ஒழுங்காக எண்ண ஆரம்பித்த நாட்டில் நோய் கூடியது போலத் தெரியும், எண்ணாத நாடு சுத்தமாகத் தெரியும். எண்ணிக்கை கூடினால் அமைச்சருக்குத்தான் கெட்ட பெயர், பிறகு எந்த அமைச்சர் ஆசைப்பட்டு லேபுக்குக் காசு ஒதுக்குவார்?

2011ல் ஜெர்மனியில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஈ.கோலை கிருமி பரவி 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய்தான் காரணம் என்று ஹாம்பர்க் அதிகாரிகள் அவசரப்பட்டு அறிவித்தார்கள். அது தப்பு. வெள்ளரியில் கிடைத்தது வேறு வகைக் கிருமி. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகள் விளைச்சலைக் கொட்டி அழிக்க வேண்டியதாயிற்று, ஐரோப்பிய ஒன்றியம் காய்கறி விவசாயிகளுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்குப் பிடித்த பகுதி. நோயாளிகளிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாருக்கும் சரியாக ஞாபகம் இல்லை. அதனால் ஜெர்மனியின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான ராபர்ட் காக் நிறுவனத்து ஆட்கள், பலருக்கு நோய் வந்த ஒரு உணவகத்தைப் பிடித்து, அங்கே யார் யார் என்ன ஆர்டர் செய்தார்கள் என்று பட்டியல் போட்டார்கள், அவர்கள் சாப்பிடும்போது எடுத்த போட்டோக்களைக்கூட வாங்கிப் பார்த்தார்கள், அப்புறம் சமையல்காரரிடம் போய் ஒவ்வொரு தட்டிலும் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டார்கள். அலங்காரத்துக்குத் தூவியிருந்த முளைகட்டிய விதைகள் அகப்பட்டன! சாப்பிட்டவர்களே கவனிக்காத பொருள். கடைசியில் எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தயத்தில் போய் நின்றது விசாரணை. இதை ஏன் யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை?

தென்னாப்பிரிக்காவில் 2017, 2018ல் பரவிய லிஸ்டீரியா இன்னும் கொடுமை. ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள், 200க்கு மேற்பட்ட சாவுகள், நோயாளிகளில் பத்துக்கு நாலு பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள். இந்தக் கிருமி பிரிட்ஜ் குளிரிலும் வளரும், சாப்பிட்ட பிறகு 70 நாள் வரை ஒன்றுமே காட்டாமல் இருக்கக்கூடும். இரண்டு மாதத்துக்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்று யாரிடம் கேட்பது? சிசுக்களுக்கு வழக்கத்துக்கு மாறாக இந்த நோய் வருவதை ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2017 ஜூலையில் சொன்னார்கள். நோய் கண்டால் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி வந்தது டிசம்பரில். 2018 ஜனவரியில் ஒரு குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர் ஒன்றாக ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஒரு குழந்தை மருத்துவர் சந்தேகப்பட்டதால்தான் அந்தக் காப்பகத்து பிரிட்ஜ் திறக்கப்பட்டது, அதிலிருந்த பதப்படுத்திய இறைச்சி வழியாகத் தொழிற்சாலை வரை போனார்கள். அந்த விதி முன்பே இருந்திருந்தால் எத்தனை சிசுக்கள் பிழைத்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அரசுகளுக்குப் பிடித்த இன்னொரு வேலை நமக்குப் பாடம் எடுப்பது. கை கழுவுங்கள், நன்றாக வேகவையுங்கள், சரி. ஆனால் 1993ல் அமெரிக்காவில் ஈ.கோலை இருந்த பர்கர் சாப்பிட்டு 700 பேருக்கு மேல் நோயில் விழுந்து நாலு குழந்தைகள் செத்தபோதும், வேகவைத்தால் கிருமி செத்துவிடும், ஆகவே அது சமைப்பவர் பொறுப்பு என்ற வாதம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இறைச்சிப் பரிசோதனைத் துறைத் தலைவராக இருந்த மைக்கேல் டெய்லர் 1994ல், அந்த வகை ஈ.கோலை இருந்தாலே அந்தக் கொத்துக்கறி விற்கத் தகாதது என்று அறிவித்தார். உணவுத் தொழில்காரர்கள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். ஆயிரம் போஸ்டரை விட அந்த ஒரு வரி பெரிது என்பேன்.

விற்பவருக்கும் சாப்பிடுபவருக்கும் ஒரே அமைச்சகம் காவல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் இருக்கிறது. மாட்டுப் பித்து நோய் (மேட் கவ்) பீதியின்போது, 1990ல், விவசாய அமைச்சர் ஜான் கம்மர் கேமரா முன்னால் தன் சின்ன மகளுக்கு பர்கர் நீட்டினார், பயமே வேண்டாம் என்று காட்ட. ஆறு வருடம் கழித்து, அந்த நோய்க்கும் மனிதர்களின் மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அதே அரசு ஒப்புக்கொண்டது. உணவுத் தர முகமை தனியாக அமைந்தது 2000ல்தான்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். அமெரிக்காவில் எட்டுக் கிருமிகளைத் தேடித் தேடி எண்ணிவந்த ஃபுட்நெட் திட்டம், 2025 ஜூலையிலிருந்து சால்மோனெல்லாவையும் ஒரு வகை ஈ.கோலையையும் மட்டும் எண்ணினால் போதும் என்று சுருக்கப்பட்டுவிட்டது. விட்டுப்போன ஆறில் லிஸ்டீரியாவும் ஒன்று. வேறு வழிகளில் அதை இன்னும் கண்காணிக்கிறார்கள் என்பது உண்மைதான், இருந்தாலும் ஒரு உணவகத்துக்கு சீல் வைத்தால் நாள் முழுக்க ஓடும் செய்திச் சேனல்களில் இது எத்தனை நிமிடம் ஓடியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?