அப்பமும் பந்தியும்

திருவிருந்து, அதாவது இயேசுவின் நினைவாக ஆலயத்தில் அப்பமும் ரசமும் பகிர்வது, எனக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே உள்ள விஷயம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆதிக்காலக் கொரிந்து சபையில் இதே விருந்துக்குக் கூடும்போது வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். அதற்காகத்தான் அப்போஸ்தலர் பவுல் அவ்வளவு கோபமாக எழுதினார் (1 கொரிந்தியர் 11). நம் பக்கமும் அது நடந்ததுதானே? 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே போனார்கள்.

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊரில், அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்ததும் மரத்தடியில் பந்தி. பீடி சுற்றும் பாட்டி ஒருவர், விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. இரண்டு கையையும் குவித்து அப்பம் வாங்குவார். கொஞ்ச நேரத்தில் அதே கை என் இலையில் குழம்பு ஊற்றும். "இன்னும் கொஞ்சம் போட்டுக்க கண்ணு" என்பார். எனக்கு அந்த இரண்டும் ஒரே விருந்துதான்.

கொரோனாவுக்குப் பிறகு வாசலில் பொட்டலம் வாங்கிக்கொண்டு அவரவர் கிளம்பிவிடுகிறோம். இந்த வருஷமாவது பாய் விரித்துப் பந்தி போடுங்கள் என்று சபைக் கமிட்டியில் கேட்டிருக்கிறேன். பரிமாற நான் நிற்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.