கருவாட்டுக் கூடையும் ரிட்டயர்டு கண்டக்டரும்

இடம்: எருக்கஞ்சேரி ஹை ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தம். நேரம்: காலை பதினொன்று. நிழற்குடை இருக்கிறது. நிழல் மட்டும் எதிர்ச்சாரியில் விழுகிறது.

ஆட்கள்: ஏகாம்பரம், கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். லுங்கி, கையில் ஒரு பால் பாக்கெட். குமாரி, காசிமேட்டில் கருவாடு எடுத்து செங்குன்றம் பக்கம் தெருத் தெருவாக விற்பவர். காலடியில் கூடை, அதன் மேல் மடித்த சாக்கு. சாக்கு மூடுவது கருவாட்டைத்தான், வாசனையை இல்லை.

குமாரி: நைனா, உள்ள நிக்காத. இப்டி ரோட்டோரமா வந்து நில்லு.

ஏகாம்பரம்: வெயிலு மண்டைய பொளக்குதும்மா.

குமாரி: நீ பேசறது காதுல வுழ மாட்டேங்குது. லாரி சத்தம். இங்க வந்து பேசு.

ஏகாம்பரம்: (முகம் மலர்ந்து) அட, என் பேச்ச கேக்க வூட்ல ஒரு நாதி இல்ல. எங்க வுட்டேன்?

குமாரி: பல்லவன்ல.

ஏகாம்பரம்: ஆங். பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972ல வந்தது. அதுக்கு முன்ன கவர்மென்ட்டே டிபார்ட்மென்ட் வெச்சி ஓட்டிச்சி. 1947ல மொத்தமே 30 பஸ்ஸாம். நா சேந்தது பல்லவன்ல. 1994 ஜனவரில ஒரு நாளு டூட்டிக்கு போறேன், டிப்போ வாசல்ல போர்டு வேற. டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம். வட சென்னைக்குன்னு தனிக் கழகம்!

குமாரி: ஐய, வேற டிப்போக்கு மாத்திட்டாங்களா?

ஏகாம்பரம்: அதே டிப்போ. அதே கேட்டு. அதே வாட்ச்மேன், அதே நாயி.

குமாரி: நாயி கொலச்சிதா?

ஏகாம்பரம்: என்னிய பாத்து ஏன் கொலைக்குது?

குமாரி: புது கம்பெனி ஆளாச்சே.

ஏகாம்பரம்: கிண்டலா? கேளு. 1997ல தலைவருங்க பேரு எல்லாத்தயும் எடுத்துட்டாங்க. பல்லவன், சோழன், பாண்டியன், சேரன், கட்டபொம்மன், ஒருத்தரு பாக்கி இல்ல. எங்களுது மாநகர் போக்குவரத்துக் கழகத்துல ஒரு கோட்டம் ஆச்சி. 2001ல ரெண்டு கோட்டத்தயும் சேத்து ஒரே எம்.டி.சி. ஆவ, நா நாலு கம்பெனில வேல பாத்தவன். ஒரே சீட்ல குந்திகினே.

குமாரி: அது தெரியும். மெட்ராஸ் கண்டக்டரு என்னிக்கி சீட்ட வுட்டு எய்ந்தாரு? துட்ட நாங்கதான் கை மாத்தி கை மாத்தி அனுப்புவோம். டிக்கெட்டு வர்றதுக்குள்ள பாதி பஸ்ஸு எனக்கு சொந்தக்காரங்க ஆயிடுவாங்க. பாக்கி சில்ற வர்றதுக்குள்ள ஸ்டாப்பிங் தாண்டிடும்.

ஏகாம்பரம்: டிக்கெட்டு கட்ட ஒரு கைல, கணக்கு எய்தற வே பில்லு தொடைமேல, பென்சிலு காதுல. எய்ந்து நடந்தா எதுனா ஒண்ணு வுழும். ஸ்டேஜு மாறங்காட்டி நம்பர எய்தணும். செக்கிங் ஏறினா தோல் பைய கவுத்து சில்றைய எண்ணுவான். அம்பது பைசா ஜாஸ்தி இருந்தாலும் கேள்வி, கம்மியா இருந்தாலும் கேள்வி.

(இந்தப் பகுதியை அவர் எல்லோருக்கும் சொல்வார். பால்காரருக்கும் சொல்லியாயிற்று. ஆனால் கதையிலேயே நிஜமான பகுதி இதுதான் என்பதால் நாமும் குறுக்கே பேசவில்லை.)

குமாரி: அத்த வுடு. ரெண்டா பிரிச்சாங்கன்னியே, பெரம்பூர்லேர்ந்து பெசன்ட் நகர் போவுதே 29சி, அது யாரு வண்டி? பாதி வழில எறங்கி வேற கழகத்துல ஏறணுமா?

ஏகாம்பரம்: வண்டி எந்த டிப்போவோ அந்த கழகம். ரோட்ட யாராலயும் பிரிக்க முடியாது.

குமாரி: அப்ப இன்னாத்த பிரிச்சாங்க?

ஏகாம்பரம்: ஆபீஸ. பெருசா இருந்தா மேய்க்க முடியலன்னு பிரிச்சாங்கன்னு டிப்போல பேசிக்கினாங்க. ரெண்டு எம்.டி., ரெண்டு ஆபீஸு, ரெட்ட செலவுன்னு சேத்தாங்கன்னும் அதே டிப்போல பேசிக்கினாங்க.

குமாரி: எங்க வூட்டு கத. கொழுந்தன் தனி அடுப்பு போட்டான், அப்பால திரும்பி வந்து சேந்தான். கொழம்பு மட்டும் ரெண்டு அடுப்புலயும் ஒரே தண்ணி. நைனா, கைய வீசி பேசு, அப்பத்தான் புரியுது.

(ஏகாம்பரம் கையை வீசிப் பேசுகிறார். தூரத்தில் வந்துகொண்டிருந்த ஒரு பஸ் வேகம் குறைத்து, போர்டு காட்டி, மூலக்கடை வழியில்லை என்று தெரிந்ததும் குமாரி தலையை ஆட்ட, மறுபடி வேகம் எடுக்கிறது. ஏகாம்பரம் கவனிக்கவில்லை. அவர் ஆந்திராவுக்குப் போயிருந்தார்.)

ஏகாம்பரம்: ஆந்திராவுல பாரு, 2020 ஜனவரி 1ல அங்க பஸ்ஸு ஓட்ற ஆர்.டி.சி. ஸ்டாஃபு எல்லாரயும் கவர்மென்ட் ஆளாவே சேத்துக்கினாங்க. என் சித்தப்பா பையன் நாயுடுபேட்டைல டிரைவரு. படுக்கும்போது கார்ப்பரேஷன், எய்ந்திரிக்கும்போது கவர்மென்ட்டு. அன்னிலேர்ந்து போன் பண்ணா எட்டு ரிங்கு போனப்பறந்தான் எடுக்கறான்.

குமாரி: நம்ம ஊர்ல?

ஏகாம்பரம்: இங்க எட்டு கழகம். மெட்ராஸுக்கு ஒண்ணு, தொலவு போறதுக்கு ஒண்ணு, விழுப்புரம், சேலம், கோயமுத்தூர், கும்பகோணம், மதுர, திருநெல்வேலி. எல்லாம் கவர்மென்ட்டு கம்பெனி. ஆனா ஸ்டாஃபு கவர்மென்ட்டு ஆளுங்க இல்ல.

குமாரி: இதுல எனக்கு இன்னா வந்துச்சி? பத்தரைக்கு மூணு வண்டி ஒண்ணா போச்சி. நா டீ குடிச்சிகினு இருந்தேன். அப்பால ஒண்ணும் காணோம். மூணு பேரும் பேசி வெச்சிகினு வருவாங்களா?

ஏகாம்பரம்: (இதற்காகவே பிறந்தவர் போல) இல்லம்மா. பத்து நிமிசத்துக்கு ஒண்ணுன்னுதான் ஷெட்ட வுட்டு எடுப்பான். முன்னால போற வண்டி பேசின் பிரிட்ஜுகிட்ட சிக்னல்ல மாட்டிக்கும். அதுக்குள்ள அடுத்த ஸ்டாப்புல கூட்டம் சேந்துடும். கூட்டத்த ஏத்த லேட்டு. லேட்டாவ ஆவ, அதுக்கு அடுத்த ஸ்டாப்புல இன்னும் கூட்டம். பின்னால வர்றவனுக்கு ஏத்த ஆளே இல்ல. காலியா வந்து முன் வண்டி முதுவுல நிப்பான். அவன் முதுவுல இன்னொருத்தன்.

குமாரி: அத்த யாரு சரி பண்றது?

ஏகாம்பரம்: டைம் கீப்பரு. டெர்மினஸ்ல குந்தி, நீ அஞ்சு நிமிசம் கயிச்சி எடுன்னு பின்னால வந்தவன புடிச்சி வெப்பான். டிரைவரு மொறப்பான், பாசஞ்சரு திட்டுவான். ஆனா புடிச்சி வெச்சாத்தான் நடு ஸ்டாப்புல நிக்கறவனுக்கு வண்டி. கம்பெனிய பிரிக்கிறது பேப்பர்ல வரும். அஞ்சு நிமிசம் புடிச்சி வெக்கறது எந்த பேப்பர்லயும் வராது.

குமாரி: இது நல்லா சொன்ன நைனா. கருவாடு மேல சத்தியமா.

ஏகாம்பரம்: இப்ப இன்னொரு ஏற்பாடு வந்துகீது. கரன்ட்டு பஸ்ஸு. 2025 ஜூன் 30ல நம்ம வியாசர்பாடி டிப்போலதான் முதலமைச்சரு ஸ்டாலின் கொடி காட்டி 120 பஸ்ஸு வுட்டாரு. தாழ்தளம். ஏற படியே வேணாம். வண்டியே சைடு வாங்கி நமக்கு குனியும்.

குமாரி: பஸ்ஸு குனியுதா? எனக்கா?

ஏகாம்பரம்: ஒனக்குந்தான். அதுல வேடிக்க இன்னான்னா, வண்டி எம்.டி.சி.யுது இல்ல. கம்பெனிக்காரன் வண்டிய குடுத்து டிரைவரயும் குடுத்துடுவான். கண்டக்டரு மட்டும் எம்.டி.சி. டிக்கெட்டு துட்டு எம்.டி.சி.க்கு. கம்பெனிக்கு கிலோமீட்டருக்கு இவ்ளோன்னு கூலி.

குமாரி: ஆளு ஏறினாலும் ஏறலன்னாலுமா?

ஏகாம்பரம்: ஓடின தூரந்தான் கணக்கு.

குமாரி: அப்ப டிரைவருக்கு நா வோணாம், கண்டக்டருக்கு நா வோணும். பிரேக்கு யாரு கால்ல கீது?

ஏகாம்பரம்: அப்டி சொல்லாத. ஸ்டாப்பிங்ல நிக்கலன்னா கம்பெனிக்கு ஃபைன் போடற மாதிரி அக்ரிமென்ட்ட எய்தணும். எய்தினத அப்பால யாருனா பாக்கணும். எங்க காலத்துல வசூலு ஏறினா எங்களுக்கு படி ஏறும். அதனால ரோட்டோரமா நின்னு தல சொறிஞ்சவனக் கூட ஏத்துவோம். அதுலயும் தொல்ல இருந்திச்சி, ஆளு ஏத்த ரேஸ் உடுவானுங்க. ஆனா இந்த கரன்ட்டு வண்டி ஓட்ற அழகு இருக்கே... சத்தம்னு ஒண்ணு கெடையவே கெடையாது. பக்கத்துல வந்து நின்னாக்கூட...

குமாரி: நைனா.

ஏகாம்பரம்: ...தெரியாது. நம்ம பழைய வண்டி தெரு முனைல வரும்போதே வூட்ல பாத்திரம் ஆடும். இது...

குமாரி: நைனா! பின்னால பாரு!

(செங்குன்றம் போர்டு போட்ட கரண்ட் பஸ் வந்து, நின்று, கதவைத் திறந்து, நாலு பேரை இறக்கி, கதவை மூடி, மூலக்கடையைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. அதன் மேல் எந்தத் தப்பும் இல்லை.)

குமாரி: சத்தம் கெடையாதுன்னு நீ சத்தம் போட்டுகினு இருந்தியே, அதான் கேக்கல.

ஏகாம்பரம்: வுடு, அடுத்தது வரும். பிங்க் அடிச்ச லிப்ஸ்டிக் பஸ்ஸே வரும், பொம்பளைங்களுக்கு ஓசி.

குமாரி: ஓசின்னு சொல்லாத. யாரோ துட்டு கட்றாங்கல்ல?

ஏகாம்பரம்: கட்றாங்கதான். 2021 மே மாசம் ஆரம்பிக்கும்போது 1,200 கோடின்னாங்க. 2025-26 பட்ஜெட்ல 3,600 கோடி. கவர்மென்ட்டு கழகங்களுக்கு குடுக்குது. அதனாலதான் ஒனக்கு காசில்லாத டிக்கெட்டு கிழிச்சி குடுக்கறது, கணக்குக்கு. முன்னால பின்னால பிங்க் அடிச்சதும் நல்ல வேல. போர்டு படிக்கத் தெரியாத கெழவி கூட தூரத்துலேர்ந்து சொல்லும், இது என் வண்டின்னு.

குமாரி: டிரைவரும் தூரத்துலேர்ந்து சொல்றான் நைனா, அது கெழவின்னு. ஸ்டாப்புல பொம்பளைங்க மட்டும் நின்னா சில பேரு நேரா பாத்துகினே போய்டறான். 3,600 கோடிய மேல எய்தி வெச்சிட்டு என்ன கீழ நிக்க வெச்சிட்டாங்க. அதுக்குத்தான் நாங்க ஒரு வழி கண்டுபுடிச்சிகிறோம்.

ஏகாம்பரம்: இன்னா வழி?

குமாரி: ஒரு ஆம்பளைய முன்னால நிறுத்திடறது. கைய வீசினா இன்னும் நல்லது.

(சற்று நேரம். ஏகாம்பரம் தன் கையைப் பார்க்கிறார். பிறகு தான் நிற்கும் இடத்தையும் நிழற்குடையையும் அளந்து பார்க்கிறார்.)

ஏகாம்பரம்: அடிப்பாவி. அப்ப லாரி சத்தம்?

குமாரி: லாரி நெசந்தான். நீ பேசனதும் நெசமாவே நல்லா இருந்திச்சி. நேத்து ஒரு எலக்ட்ரீசியன நிறுத்தினேன், வாயே தொறக்கல, போரு. வருது வருது! லிப்ஸ்டிக்கு! கைய தூக்கு நைனா!

(நாலு கம்பெனியில் வேலை பார்த்த கை மேலே போகிறது. பஸ் நிற்கிறது, வழக்கம்போல நிறுத்தத்திலிருந்து இருபது அடி தள்ளி. குமாரி ஓடுகிறார், கூடையை ஒரு பக்கம் ஏகாம்பரம் பிடித்து ஓடுகிறார். கூடை படியில் ஏற மறுக்கிறது. ஏகாம்பரம் படியேறி உள்ளிருந்து இழுக்கிறார். கூடை ஏறியது, குமாரி ஏறினார், விசில் ஏறியது. கதவு மூடியது.)

ஏகாம்பரம்: யோவ், நா எறங்கணும்யா!

(கண்டக்டர் சின்னப் பையன். அவன் கையில் மெஷின், காதில் பென்சில் இல்லை. சீட்டை விட்டு எழுந்திருக்காமலே, அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கலாம், இப்போது டிக்கெட் வாங்கணும் என்று சொல்லிவிட்டான். ரிட்டயர்டு ஸ்டாஃப் என்றதற்கு பாஸ் கேட்டான். பாஸ் வீட்டில், சட்டைப் பையில். சட்டையும் வீட்டில். ஜிபே பண்ணலாமே என்றான். போன் சார்ஜில்.)

ஏகாம்பரம்: தம்பி, நா இந்த ரூட்ல வே பில்லு எய்தும்போது நீ பொறக்கவே இல்ல.

குமாரி: (சுருக்குப்பையை அவிழ்த்து, பத்து ரூபாயை எடுத்து) இந்தாப்பா, பெரியவருக்கு ஒண்ணு போடு. எனக்கு காசில்லாதது ஒண்ணு. இன்னா நைனா, ஓசின்ன. இப்ப யாரு ஓசி?

ஏகாம்பரம்: நாளைக்கி குடுத்துடறேன். ஏம்பா, ஆளுக்கு டிக்கெட்டு போட்ட, இம்மாம் பெரிய கூடைக்கு லக்கேஜு போடல? எங்க காலத்துல...

குமாரி: நைனா! வாய மூடு!

(பத்து ரூபாய் ஆறு கை மாறி கண்டக்டரிடம் போகிறது. டிக்கெட்டும் சில்லறையும் அதே ஆறு கை வழியாகத் திரும்பி வருகின்றன. ஏகாம்பரம் டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து, ஸ்டேஜைச் சரிபார்க்கிறார். சரியாகத்தான் இருக்கிறது. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.)

குமாரி: மூலக்கடைல எறங்கி ரோட்ட தாண்டி எதிர் ஸ்டாப்புல நில்லு. பாலு கெட்டுடப் போவுது, சீக்கிரம் போ. இன்னொண்ணு.

ஏகாம்பரம்: இன்னா?

குமாரி: பொம்பளைங்க கும்பலா நிப்பாங்க, அவங்க பக்கத்துல நிக்காத. வண்டி நிக்காது.