நாலு படம்தானா என்று கேட்டவர்களுக்கு

நேற்று அந்தப் பதிவுக்குக் கீழே நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "ஐம்பது வருஷத்தில் நாலே படம், சரியான சோம்பேறி" என்று ஸ்பெயின் நாட்டு சினிமா இயக்குநர் விக்டர் எரிசேவைப் பற்றி ஒரு கமெண்ட். அதற்கு அத்தனை பேர் சிரிப்பு. மனசு ஆறவில்லை.

எரிசே சும்மா இருக்கவில்லை. சும்மா இருக்க வைத்தார்கள்.

அவருடைய இரண்டாவது படமான 'எல் சூர்' (தெற்கு) படத்துக்கு 81 நாள் படப்பிடிப்பு என்று திட்டம். 48 நாளோடு தயாரிப்பாளர் நிறுத்திவிட்டார். ஸ்பெயினின் வடக்கே நடக்கிற பாதிக்கதை மட்டும் கையில். கதாநாயகியான இளம்பெண் தெற்கே கிளம்பப் பெட்டி கட்டுவதோடு படம் முடிந்துவிடும். அவள் போய்ச் சேர்கிற ஆண்டலூசியாவை அவரால் எடுக்கவே முடியவில்லை. இருந்ததைக் கோத்து 1983இல் பிரான்சின் கான் திரைப்பட விழாப் போட்டிக்குப் போனது, உலகமே கொண்டாடியது. எடுத்தவருக்கு அது அரைகுறைப் படம்தான்.

"பணம் போட்டவருக்கும் கஷ்டம் இருக்காதா?" இருக்கும். பணம் இல்லை என்பதுதான் சொன்ன காரணமும். சரி, பணம் தீர்ந்ததற்கு இயக்குநர் எப்படிச் சோம்பேறி ஆவார்?

அடுத்து மூன்றாவது படம். 1990 இலையுதிர்காலம். ஓவியர் அந்தோனியோ லோபெஸ் தன் தோட்டத்துச் சீமைமாதுளை மரத்தை வரைகிறார். நிற்கும் இடம் மாறக்கூடாதென்று பாதத்தருகே தரையில் ஆணி அடிக்கிறார். மரத்துக்கு முன்னால் தூக்குக்குண்டு தொங்குகிறது. பழத்திலும் இலையிலும் வெள்ளைப் பெயிண்டால் கோடு. பழம் பருக்கப் பருக்கக் கிளை தாழும், எவ்வளவு தாழ்ந்தது என்று அந்தக் கோடுதான் சொல்லும். மழை விடவில்லை, அவர் தேடிய வெயில் நிற்கவில்லை. ஆயில் பெயிண்டிங்கை விட்டுவிட்டுப் பென்சிலுக்கு வருகிறார். பழங்கள் உதிர்கின்றன, அதுவும் முடியவில்லை. எழுதிவைத்த திரைக்கதை இல்லாமல், அந்த மரத்தோடு கூடவே காத்திருந்து எடுத்தவர் எரிசே. 1992இல் கானில் ஜூரி பரிசு. இதுவா சோம்பல்?

அப்புறம் ஸ்பானிய எழுத்தாளர் ஹுவான் மார்செயின் ஷாங்காய் நாவல். அதற்கு எரிசே திரைக்கதை எழுதி முடித்தும் படம் கைவிட்டுப் போய், 2002இல் வேறொருவர் இயக்கத்தில் வந்தது. எழுதிய திரைக்கதை புத்தகமாக மட்டும் கிடக்கிறது. அந்த உழைப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

"கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கலாமே" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. வளைந்து கொடுத்திருந்தால் நாமெல்லாம் இன்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

2023இல், 82 வயதில், நாலாவது படம். கான் அதைப் போட்டிப் பிரிவில் சேர்க்கவில்லை, போட்டிக்கு வெளியேதான் திரையிட்டது. சேர்க்காதது அவர்கள் உரிமை. ஆனால் முடிவை நேரத்தோடு சொல்லியிருந்தால் வேறு விழாவுக்காவது கொடுத்திருக்கலாம் என்று ஸ்பெயினின் 'எல் பாயிஸ்' பத்திரிகையில் கடிதம் எழுதினார். தன் படம் திரையிடப்பட்ட அன்று அவர் கானில் இல்லை.

நேற்றுச் சிரித்தவர்கள் அந்தக் கடிதத்தையாவது தேடிப் படியுங்கள்.